பிகாஸ் பிரிவின் பூட்டு

லிஃப்டின் இரும்புக் கயிறு நைந்துபோய்விட்டது என்பதை லிஃப்ட்காரர் வாயால் சொன்னார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

அந்த ஆஸ்பத்திரியில் வாயால் சொன்ன எதையும் யாரும் கேட்டதாக ஒப்புக்கொள்வதில்லை. எழுத வேண்டும். அதையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதியதை ஆறாம் மாடியில் உள்ள வாக்கிய ஒழுங்குத் துறைக்குக் கொண்டுபோய், அது எந்த வகை வாக்கியம் என்று முத்திரை வாங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்துக்குப் போன ஏதோ ஒரு கடிதம் மேலிடத்துக்குப் புரியவில்லையாம். அந்தக் குழப்பத்தில் பிறந்த துறை அது. மூலையில் ஒரு மேஜையாகப் பிறந்து, குழந்தைகள் வார்டை இரண்டாம் மாடிக்குத் துரத்திவிட்டு, இப்போது மாடி முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவர் அல்ல. மொட்டை மாடி மெஷின் ரூமில் மோட்டாருக்கும் கயிற்றுக்கும் எண்ணெயும் வசவும் மாறி மாறிக் கொடுத்து இருபத்தோரு வருஷமாக வளர்த்துவருகிறவர். அங்கே இருக்கிற லிஃப்டே ஒன்றுதான்; ஸ்ட்ரெச்சரும் அதில்தான். ஆபரேஷன் தியேட்டர் ஐந்தாம் மாடியில். அந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்குகிறவள் அவருடைய மனைவி.

மாதம் ஒருமுறை அவர் கயிற்றைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெதுவாக ஓடவிடுவார். கயிறு நன்றாக இருந்தால் துணி வழுக்கிக்கொண்டு போகும். எங்கேயாவது இழை அறுந்திருந்தால் துணியைக் கொக்கி போட்டு இழுக்கும். இந்த முறை துணி பதினோரு இடத்தில் மாட்டியது. கீழே குங்கும நிறத்தில் துருப்பொடி கொட்டிக் கிடந்தது. விழுந்தால் பிடித்து நிறுத்த வேண்டிய கவ்வியும் துருவேறி இறுகிப் போயிருந்தது.

நேரே மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் மிகவும் வருத்தப்பட்டார்.

“ஐயையோ. எழுதிக் குடுத்துடுங்க” என்றார்.

ஆறாம் மாடியில் நுழைந்ததும் முதல் கவுண்டர், சிம்பிள். அங்கே இருந்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி முழுக்க முற்றுப்புள்ளி என்று பெயர். எந்தப் பேச்சையும் அவள்தான் முடித்துவைப்பாள்.

“லிஃப்ட் ரோப் ஈஸ் வெரி பேட்” என்று வாசித்தாள். “அழகா இருக்குண்ணே. ஒரு எழுவாய், ஒரு பயனிலை. கண்ணுல ஒத்திக்கலாம்.”

“அப்ப மாத்திடுவாங்களா?”

“எதை?”

“கயித்தைம்மா.”

“இது சிம்பிள். சிம்பிள்னா வெறும் தகவல். சூரியன் கிழக்கே உதிக்குதுன்னு எழுதிக் குடுத்தா நாங்க போயி மேற்கே திருப்பி வைப்போமா? ஃபைல்ல போட்டு வச்சுக்குவோம். நடவடிக்கை வேணும்னா இன்னொரு வாக்கியத்தை இதோட ஒட்டிக்கிட்டு வாங்க. அடுத்தது ஆரு?”

லிஃப்ட்காரர் சுவரோரமாக நின்று யோசித்தார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடந்தபோது அவர் ஜன்னல் வழியே, எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டிடத்தில் செங்கல் ஏற்றுகிற கப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் அடித்தார். பிழைப்பு என்னவோ கப்பியால்தான் நடந்தது. ஆனாலும் வாத்தியார் இப்போது ஆறாம் மாடி முழுக்க உட்கார்ந்து பழி தீர்ப்பதாக அவருக்குத் தோன்றியது. ‘அண்ட்’ என்று ஒரு சொல் ஞாபகம் வந்தது. ‘லிஃப்ட் ரோப் ஈஸ் வெரி பேட் அண்ட் பீப்பிள் ஆர் கோயிங்’ என்று எழுதினார். பார்க்க நீளமாக, நம்பிக்கை தருவதாக இருந்தது.

அண்ட் கவுண்டரில் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்கள். அண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் சம அந்தஸ்து. ஆகவே கயிற்றுக்குப் பொறியியல் தலைவரும், ஆட்களுக்கு நோயாளர் நலத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். யார் முதலில் போடுவது? முதலில் போட்டவர் மற்றவருக்காகக் காத்திருந்தவர் ஆகிவிடுவார். அப்புறம் சமம் எங்கே? இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, டேப் வைத்து அளந்து, அதன் மேல் ஃபைலை வைத்தார்கள். எட்டு நாள் அது அங்கேயே இருந்தது. ஒன்பதாம் நாள், மணி அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பிரதியில் கையெழுத்திடுவது என்று ஏற்பாடானது. மணி அடித்தது. போட்டார்கள். பொறியியல் தலைவருக்குப் பெயர் நீளம். அவர் முடிப்பதற்குள் மற்றவர் பேனாவை மூடிவிட்டார். ஃபைல் திரும்பி ஸ்டூலுக்கே வந்தது.

அன்றைக்குத் துணி பத்தொன்பது இடத்தில் மாட்டியது.

மத்தியானம், சலவைக் கிடங்குக்குப் பின்னால், மூட்டை கட்டிய போர்வைகளின் மேல் உட்கார்ந்து கணவனும் மனைவியும் சாப்பிட்டார்கள். தினமும் அங்கேதான்.

“என்னங்க, உங்க முகமும் கயிறு மாதிரி நைஞ்சு தொங்குது?”

“நீ கொஞ்ச நாளைக்கு சாய்தளத்துல போயேன்.”

“அஞ்சு மாடியா? தள்ளிப் பாத்திருக்கீங்களா நீங்க? நேத்து ஒருத்தர் வந்தாரு, நூத்திப்பத்து கிலோ. வாய் வேற மூடல. அவரைச் சாய்தளத்துல ஏத்தினா அடுத்த ஸ்ட்ரெச்சர் எனக்குத்தான்.”

“விளையாடாத.”

“நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்கல்ல? அவ்ளோ பெரிய மாடில அவ்ளோ பேர் உக்காந்து படிக்கிறாங்க. படிச்சவங்க. சும்மாவா விட்டுடுவாங்க?”

அவள் ஐந்தாவதோடு நின்றவள். படித்தவர்கள் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, அறுந்த இழைகளைவிட அதிகமாக அவரைப் பயமுறுத்தியது. தன் டப்பாவிலிருந்து ஒரு கவளம் எடுத்து அவர் டப்பாவில் வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை அவர் மெல்லவில்லை.

மறுநாள் இஃப் பிரிவு. அந்த அதிகாரி பஞ்சு போன்றவர். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். கயிறு அறுந்தால் ஆட்கள் விழுவார்கள் என்ற பொருள்படும் வாக்கியத்தை இரண்டு தடவை ரசித்துப் படித்தார்.

“அறுந்துச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்ப இது கற்பனை. தப்பா எடுத்துக்காதீங்க, இங்க வர்றது எல்லாமே கற்பனைதான். பாருங்க.” அலமாரியைத் திறந்து காட்டினார். ஆக்ஸிஜன் தீர்ந்தால். கூரை இடிந்தால். ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால். ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டாக, நாடா போட்டுக் கட்டியிருந்தது. “தீப்பிடித்தால்னு ஒண்ணு இருந்துச்சு. அது மட்டும் வெளிய போச்சு.”

“நடவடிக்கை எடுத்துட்டாங்களா சார்?”

“இல்ல, பிடிச்சுடுச்சு. அதுக்கப்புறம் அது எப்படி இஃப் ஆகும்? வென் பிரிவுக்கு மாத்திட்டோம். உங்களுதும் நடந்தவுடனே கொண்டாங்க. ஒரே நாள்ல மாத்தித் தர்றேன், அதெல்லாம் இங்க இழுத்தடிக்கிறது கிடையாது. டீல சர்க்கரை சரியா இருக்கா?”

சர்க்கரை சரியாக இருந்தது.

வெளியே வந்தவர் வராந்தாவின் கடைசியில் ஒரு கதவைப் பார்த்தார். பிகாஸ் பிரிவு என்று பலகை. கைப்பிடியில் ஒரு பெரிய பூட்டு. அவருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. லிஃப்டை நிறுத்த வேண்டும், ஏனென்றால் கயிறு நைந்துவிட்டது. இதில் என்ன சிக்கல்? கதவைத் தட்டினார்.

தட்டிய சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து துறை இயக்குநரே வந்துவிட்டார். இரண்டு வருஷமாக யாரும் தட்டாத கதவு.

“பிகாஸா வேணும் உங்களுக்கு?” என்றார், கருவாடு இருக்கிறதா என்று கேட்கப்பட்ட சைவக் கடைக்காரரைப் போல. பிறகு மனம் இளகி, தன் அறைக்கு அழைத்துப்போய், ஜன்னலோரம் நின்று பேசினார். ஒருவர் மட்டுமே கேட்கும்போதும் அவர் கூட்டத்துக்குப் பேசுவதைப் போலத்தான் பேசுவார்.

“இந்த ஆஸ்பத்திரியில நடந்த எல்லா விபத்துக்கும் அடிப்படை என்னன்னு நான் ஆராய்ச்சி பண்ணினேன். காரணம் சொல்றதுதான் அடிப்படை! யாராவது காரணம் சொன்னாத்தான் அது விபத்து. சொல்லலேன்னா அது ஒரு நிகழ்வு. பிகாஸ்னு எழுதினா பின்னாடி யாரோ ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டு முழிக்கிறான். பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கு. நான் பொறுப்பேத்த அன்னைக்கே அந்தப் பிரிவைப் பூட்டினேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா இங்க எதுக்கும் எந்தக் காரணமும் கிடையாது. புள்ளிவிவரம் வச்சிருக்கேன்.”

“சார், கயிறு…”

“கயிறு நைஞ்சதுக்கு யார் காரணம்?”

“யாருமில்ல சார். ஓடிச்சு, தேஞ்சுது. மாத்துற வருஷம் தாண்டிடுச்சு.”

“யார் தாண்ட விட்டது? பாத்தீங்களா, வந்துட்டீங்க! உங்களுக்கு எதுக்குய்யா அந்தப் பொல்லாப்பு? ஆல்தோ பிரிவுக்குப் போங்க. நான் போன் பண்றேன்.”

ஆல்தோ பிரிவில் ஏசி இருந்தது. சோபா இருந்தது. மேஜை மேல் நிஜப் பூ. அங்கே மூன்று பேர் அவருடைய காகிதத்தைச் சுற்றி உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் செதுக்கினார்கள். கயிறு தன் நீண்ட சேவையால் சற்றே களைப்படைந்திருந்தபோதிலும், லிஃப்ட் மிகச் சிறப்பாக இயங்கிவருகிறது. இப்படி அர்த்தம் வருகிற ஆங்கிலம்.

“நான் இப்படிச் சொல்லலியே சார்” என்றார் லிஃப்ட்காரர்.

“கயிறைப் பத்தி இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“பின்ன என்ன? துணை வாக்கியத்துல உங்க கவலை, முதன்மை வாக்கியத்துல எங்க நிம்மதி. ரெண்டு பேருக்கும் இடம் குடுத்திருக்கோம். கையெழுத்துப் போடுங்க.”

அவர் போட்டார். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் உழைத்திருக்கிறார்களே, இதிலிருந்து ஏதாவது நடக்கும் என்று நினைத்துப் போட்டார். அது இரண்டாவது தப்பு.

இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“ஏங்க, பாத்தீங்களா? உங்க பேரை லிஃப்டுக்குள்ள மாட்டியிருக்காங்க! கண்ணாடி போட்டு, ஃபிரேம் போட்டு! இங்கிலீஷ்ல என்னமோ நீளமா எழுதி, கீழ உங்க பேரு. உங்க பேரு மட்டும் எனக்குப் படிக்கத் தெரிஞ்சுது.”

லிஃப்ட்காரர் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“இந்த மாசத்துச் சிறந்த வாக்கியமாம், நர்ஸம்மா சொன்னாங்க. காலைலேருந்து ஏத்துற ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டறேன். ஒரு கெழவர் லிஃப்ட் குலுங்குதேன்னு பயந்தாரு. பயப்படாதீங்க ஐயா, என் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்காரு, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அப்படியே என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு.” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “சந்தோஷமா இல்லையா உங்களுக்கு?”

அவர் எழுந்து படியேறினார். மொட்டை மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. துணியைச் சுற்றிப் பிடித்தார். முப்பத்தொன்று வரை எண்ணினார். அதற்கு மேல் எண்ணத் தேவையிருக்கவில்லை. ஒரு புரி முழுதாக அறுந்து, வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் தரைத்தளத்துக்குக் காலியாகப் போய்ச் சேரும்வரை காத்திருந்தார். மெயின் ஸ்விட்சை இறக்கினார். மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கினார். கீழே வந்து, அவற்றைச் சாப்பாட்டு டப்பாவின் மேல் தட்டில் போட்டு மூடினார். மருந்துப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, கரித்துண்டால் ‘ஓடாது’ என்று எழுதி லிஃப்ட் கதவில் மாட்டினார். எந்த முத்திரையும் இல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

புரிந்ததே தவிர, யாரும் வாழ்த்தவில்லை. சாய்தளத்தில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசைகட்டி நின்றன. மனைவி மூன்றாம் திருப்பத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, தேடி வந்த கணவனைப் போகிற வருகிறவர்கள் காதில் விழும்படி திட்டினாள்.

“இடுப்பு கழண்டு கையில வந்துடும் போலிருக்கு. காலைல பேரு மாட்டினாங்க, சாயங்காலத்துக்குள்ள கழட்டிக்கிட்டாரு மகராசன். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னீங்களா?”

“கயிறு அறுந்துக்கிட்டிருக்கு.”

“அதான் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே!”

“நான் எழுதல. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளத் தொடங்கினாள்.

இயக்குநர் அடுத்த நாள் காலை ஆறு மாடியும் நடந்து ஏறினார். மேலே வந்து சேர்ந்தபோது அவரிடம் துணை வாக்கியம் எதுவும் மிச்சமில்லை.

“யாரு? எங்க? கூப்பிடு!” என்றார்.

பிகாஸ் பிரிவைத் திறக்க உத்தரவானது. ஒரு மனிதன் மாட்டியாகிவிட்டதே, இனி என்ன தயக்கம்? ஆனால் பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் கேட்டு லிஃப்ட்காரரிடமே ஆள் அனுப்பினார்கள். அவரே வந்து, எண்ணெய் விட்டு, இரண்டு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்தார். அப்படியே உள்ளே போய்க் குற்றவாளிக்குப் போட்டிருந்த நாற்காலியைத் தூசி தட்டி உட்கார்ந்தார். எழுதிக்கொள்ள முற்றுப்புள்ளியை வரவழைத்திருந்தார்கள். படிவத்தில் முதல் பாதி ஏற்கனவே அச்சாகியிருந்தது: ஐ ஸ்டாப்டு த லிஃப்ட் பிகாஸ். அதற்கப்புறம் ஒரு கோடு.

கோட்டின் மேல் அவர் ‘ரோப்’ என்று ஆரம்பித்தார்.

“கயிறு வேண்டாம்” என்றார் இயக்குநர். “கயிறு விஷயம் ஆல்தோல முடிவாயிடுச்சு. முடிஞ்சதைக் கிளறக்கூடாது. இது உங்களைப் பத்தின பிரிவு. உங்களுக்கு என்ன காரணம்? அதை எழுதுங்க.”

லிஃப்ட்காரர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு யோசித்தார். சிம்பிளில் தொடங்கி இத்தனை நாளாக எழுதியதில் எதிலும் இந்தக் காரணம் வரவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: மை ஒய்ஃப் கோஸ் இன் தட் லிஃப்ட்.

இயக்குநர் வாங்கிப் படித்தார். உண்மையாகவே அவர் முகம் மலர்ந்தது.

“பிரமாதம்! ஒரு பக்கம் குற்றம், ஒரு பக்கம் நோக்கம், நடுவுல கச்சிதமா இணைப்புச் சொல். எவ்வளவு முன்னேறிட்டீங்க பாருங்க! சொந்த நலனுக்காகப் பொதுச் சொத்தை முடக்கினதா நீங்களே தெளிவா ஒத்துக்கிட்டீங்க. சஸ்பெண்ட்.” கை குலுக்கினார். “லிஃப்டை உடனே ஓட்ட உத்தரவு தயார் பண்ணுங்க. இன்னைக்கே.”

அவர் போனதும் அறையில் தூசி மெதுவாக இறங்கியது. முற்றுப்புள்ளி முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்தாள்.

“அண்ணே, கீழ வார்டுல எங்கம்மா இருக்காங்க. அடுத்த வாரம் ஆபரேஷன்” என்றாள், அவரைப் பார்க்காமல்.

“உத்தரவு போடச் சொல்லிட்டாரேம்மா.”

“போடணும். கண்டிப்பாப் போடணும். ‘லிஃப்டைப் பழுது பார்க்கவும், உடனே ஓட்டவும்’னு போடறேன்.” படிவத்தை மடித்தாள். “நடுவுல ஒரு அண்ட் வருது. என்ன பண்றது, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ரெண்டு தலைவரும் கையெழுத்துப் போட்டாகணும்.”

அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவள் “அடுத்தது ஆரு?” என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள். வெளியே யாருமே இல்லை.

உத்தரவு மூன்று வாரமாக அந்த ஸ்டூல் மேல் இருக்கிறது. டேப் வைத்து மறுபடி அளந்தார்களாம், தரை கூட்டுகிறவர்கள் கொஞ்சம் நகர்த்திவிட்டார்கள் என்று.

சஸ்பெண்ட் ஆனவர் வேலைக்கு வரக்கூடாது. உறவினர்கள் வரலாம். வாசலில் காவலாளி தினமும் கேட்கிறார், “யாருக்கு உறவு?” லிஃப்ட்காரர் தினமும் சொல்கிறார், “தள்ளுறவங்களுக்கு.” முன்னால் அவள் இழுக்க, பின்னால் அவர் தள்ளுகிறார். திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது, ஸ்ட்ரெச்சர் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு அடியில் ஒரு ஃபிரேமைக் கொடுக்கிறாள். லிஃப்டுக்குள்ளிருந்து அவளே கழற்றி எடுத்துவந்தது. கண்ணாடி என்றைக்கோ உடைந்துவிட்டது. சட்டம் நல்ல கெட்டி மரம்.

நேற்று அந்த நூற்றுப்பத்து கிலோ ஆசாமி. தையல் பிரித்து, மறுபடி போட வேண்டியிருந்தது. இரண்டு மாடிக்கும் வாய் ஓயவில்லை. மூன்றாம் திருப்பத்தில் தலையைத் தூக்கினார்.

“ஏம்மா, லிஃப்ட் இருந்துச்சே, என்னாச்சு?”

“நிறுத்தியாச்சு.”

“ஏன்?”

லிஃப்ட்காரர் தன்னையறியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“கயிறு நைஞ்சு போச்சுங்க. அதனால இவர் நிறுத்திட்டாரு.”

“அப்படியா? நல்லதாப் போச்சு” என்று அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

அவள் குனிந்து ஃபிரேமை உருவினாள். ஸ்ட்ரெச்சர் ஒரு விரற்கடை பின்னால் சரிந்து நின்றது.

“பிடிச்சிருக்கீங்களா?” என்றாள் திரும்பாமலே.

“பிடிச்சிருக்கேன், நீ இழு.”